செக்ஷன் எட்டு என்றதும் போனை வைத்துவிடாதீர்கள்

எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோரில் பலருக்கு இப்போது இரண்டாவது வீடு இருக்கிறது. குடியிருக்க ஒன்று, வாடகைக்கு விட ஒன்று. நியூ ஜெர்சியில் இருபது வருடம் வேலை பார்த்தவர்கள் சேமிப்பைப் போட நம்பும் இடம் அதுதான். வகுப்பு முடியும்வரை காரிடாரில் நின்று பேசும்போது மார்ட்கேஜ் வட்டி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ், பாய்லர் மாற்றிய செலவு என்று எல்லாம் வரும். சமீப காலமாக என்னைத் தேடி வந்து கேட்கிற கேள்வி மட்டும் ஒன்றுதான். "அக்கா, நீங்க செக்ஷன் எட்டு ஆளுங்களுக்கு வீடு விட்டிருக்கீங்களாமே, பயமா இல்லையா?"

பயம் இல்லை. ஏன் இல்லை என்பதைக் காரிடாரில் நின்று சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம். 1937-ஆம் வருடத்து வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-ல் சேர்த்த எட்டாவது பிரிவு. அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டது. அதற்கு முன்னால் அரசாங்கமே பெரிய பெரிய குடியிருப்புகளைக் கட்டி ஏழைகளைக் குடிவைத்துக்கொண்டிருந்தது. செயின்ட் லூயிஸில் ப்ரூயிட் ஐகோ என்று ஒன்று இருந்தது. பதினொரு மாடிக் கட்டடங்கள் 33. பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். குடியிருப்பவர்கள் ஏழைகள், வாடகை எங்கிருந்து போதும்? லிஃப்ட் நின்றது, குழாய் உடைந்தது, ஆட்கள் வெளியேறினார்கள். 1950-களின் நடுவில் கட்டியதை 1972-ல் வெடிவைத்து இடிக்க ஆரம்பித்தார்கள். ஏழைகளை ஓரிடத்தில் குவிப்பதற்குப் பதிலாக, ஊரில் இருக்கிற தனியார் வீடுகளிலேயே அவர்கள் வாடகைக்குப் போகட்டும், வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டட்டும் என்ற யோசனை இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு வலுப்பெற்றது. அந்தப் பங்குக்கு உறுதியாகக் குடும்பத்தின் கையில் கொடுக்கும் காகிதம்தான் வவுச்சர். இன்றைக்கு ஏறத்தாழ 23 லட்சம் குடும்பங்கள் இந்த வவுச்சரில் வாழ்கின்றன. பணம் வாஷிங்டனில் உள்ள வீட்டுவசதித் துறையிலிருந்து வருகிறது. நடத்துவது அந்தந்த ஊர் ஹவுசிங் அதாரிட்டி. நியூ ஜெர்சியில் மாநில அரசின் சமுதாய விவகாரத் துறையும் வவுச்சர் நடத்துகிறது.

இந்தத் திட்டம் வேலை செய்ய இன்னொருவர் சரி என்று சொல்ல வேண்டும். அது வீட்டுக்காரர். காங்கிரஸ் பணம் ஒதுக்கி, அதாரிட்டி தகுதி பார்த்து, குடும்பம் வருடக்கணக்கில் வரிசையில் நின்று எல்லாம் முடிந்தாலும், கடைசியில் நம்மைப் போல ஒரு வீடு வைத்திருக்கும் யாரோ ஒருவர் போனை எடுத்துப் பேசினால்தான் அந்தக் காகிதம் வீடாகும். இதைத்தான் நம் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்.

கணக்கு எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். அந்தந்தப் பகுதி வாடகைகளை வைத்து வீட்டுவசதித் துறை வருடா வருடம் நியாய வாடகை என்று ஒரு தொகையை வெளியிடுகிறது. ஊர் வாடகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நூற்றுக்கு நாற்பதாவது இடத்தில் வரும் தொகை அது. அதில் 90-லிருந்து 110 சதவீதத்துக்குள் அதாரிட்டி தன் உச்சவரம்பை வைத்துக்கொள்ளும். குடும்பம் தன் வருமானத்தில், சில கழிவுகள் போக, ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தன் பங்காகக் கட்டுகிறது. மீதி அரசு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு அதாரிட்டியின் வரம்பு 2,000 டாலர். நீங்கள் கேட்கும் வாடகை 1,850. கேஸ், கரண்ட் பில்லை டெனன்ட் கட்டுகிறார், அதற்கு அதாரிட்டி போடும் மதிப்பு 200. ஆக மொத்தம் 2,050. கழிவு போகக் குடும்பத்தின் மாத வருமானம் 1,500 என்றால் அதில் 30 சதவீதம் 450. வரம்பிலிருந்து இதைக் கழித்தால் 1,550. அது ஒவ்வொரு மாதமும் அதாரிட்டியிலிருந்து நேராக உங்கள் பேங்க் கணக்குக்கு வரும். மீதி 300 டாலரை டெனன்ட் உங்களுக்குக் கொடுக்க வேண்டும், பில்லுக்கு ஆகும் 200 அவர் கையிலிருந்து. வரம்புக்கு மேல் போன 50 டாலரும் அவர் தலையில்தான் விழுகிறது. அப்படி விழும்போது, குடிவரும் நேரத்தில் அவர் மொத்தப் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி. அதனால் வாடகையை ஐம்பது டாலர் ஏற்றிச் சொல்லும்போது, ஒரு குடும்பத்தின் காய்கறிக் காசில் கை வைக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பு 2,000 என்றால் 2,000-ஐயே கேட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று அதாரிட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சம்மதிக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லீஸில் எழுதியதற்கு மேல் தனியாகக் கையில் கொஞ்சம் வாங்கிக்கொள்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு. "எல்லாரும் செய்றாங்க" என்பார்கள். அது அரசாங்கத்தை ஏமாற்றும் குற்றம். அதைவிட, மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் பிடுங்குவது. பேச்சோடு பேச்சாகச் சிலர் கேட்பது, ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட அம்மா அப்பாவை நம் வாடகை வீட்டிலேயே வவுச்சரில் வைக்கலாமா என்பது. கூடாது. பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இவர்களுக்கு நம் வீட்டை வவுச்சரில் விட முடியாது. உடல் குறைபாடு உள்ளவருக்கு அந்த வீடுதான் வசதி என்று அதாரிட்டி ஏற்றால் மட்டும் விலக்கு.

இனி இன்ஸ்பெக்ஷன். நம் ஆட்களைப் பணத்தைவிட அதிகமாகப் பயமுறுத்துவது இதுதான். எங்கள் வீடு நூறு வருடத்தை நெருங்கும் இரட்டை வீடு, கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். டெனன்ட்டும் நாமும் சேர்ந்து குடிவர அனுமதி கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், அதாரிட்டி ஆளை அனுப்புகிறது. வந்தவர் ஒரு டார்ச்சும் ஒரு சின்ன சாக்கெட் டெஸ்டரும் வைத்திருந்தார். அடுப்பின் எல்லா பர்னரையும் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொரு ஜன்னலையும் தூக்கி, நிற்கிறதா, பூட்டுகிறதா என்று பார்த்தார். சிங்க் பக்கத்து ப்ளக் பாயிண்ட், நீர் பட்டால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் வகையா என்று அழுத்திப் பார்த்தார். பேஸ்மென்ட் படியில் கைப்பிடி, வாட்டர் ஹீட்டரின் அழுத்த வால்விலிருந்து தரைப் பக்கமாக இறங்கும் குழாய், மாடிக்கு மாடி புகை அலாரம், கார்பன் மோனாக்ஸைடு அலாரம். முன் வராந்தாவின் மேற்கூரையில் பெயின்ட் உரிந்திருந்ததைக் குறித்துக்கொண்டார். ஒரு ஜன்னல் நிற்கவில்லை, பேஸ்மென்ட் படிக்குக் கைப்பிடி இல்லை. சரிசெய்த பிறகு மறுபடி வந்து பார்த்து பாஸ் போட்டார்.

உரிந்த பெயின்ட்டுக்கு ஏன் இவ்வளவு என்று என் கணவர் கேட்டார். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். அந்த வருடம்தான் வீடுகளில் அதைப் பூசுவதைத் தடை செய்தார்கள். உரிந்து விழும் சிதறலையும் தூசியையும் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கும். ஆறு வயதுக்குள் குழந்தை குடிவரும் வீடு என்றால் விதி இன்னும் கடுமை. நியூ ஜெர்சியில் 2021-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. வவுச்சர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழைய வாடகை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈயப் பரிசோதனை கட்டாயம்.

இதில் எதைத் தேவையில்லாத தொல்லை என்று சொல்வது? நான் பட்டியலை வாங்கி மேல் வீட்டுக்கும் அதே வேலைகளைச் செய்துவிட்டேன். அங்கே இருப்பவரிடம் வவுச்சர் கிடையாது. ஆனால் அவர் பிள்ளையும் அதே படியில்தான் இறங்குகிறது.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்கிறேன். முதலாவது தாமதம். படிவம் கொடுத்ததிலிருந்து முதல் பணம் வரும்வரை பொறுமை வேண்டும். எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே ஆனது. ஆபீஸில் போன் எடுப்பவர் ஒருவர், அவருக்குக் கீழே கோப்புகள் மலையாக. வீடு பாஸ் ஆகும் நாளுக்கு முந்தைய நாட்களுக்குப் பணம் கிடையாது. பாஸ் ஆன நாளிலிருந்து உள்ள நிலுவையைப் பிறகு சேர்த்துப் போட்டார்கள். மார்ட்கேஜை இரண்டு மாதம் கைக்காசில் கட்ட முடியாதவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். இரண்டாவது, வாடகை ஏற்ற வேண்டுமானால் குறைந்தது அறுபது நாள் முன்னால் அதாரிட்டிக்கு எழுத வேண்டும், முதல் லீஸ் காலம் முடியும்வரை ஏற்றவே முடியாது. மூன்றாவது, இடையில் வரும் இன்ஸ்பெக்ஷனில் வீட்டுக்காரர் சரிசெய்ய வேண்டிய குறை இருந்து காலக்கெடுவுக்குள் செய்யவில்லை என்றால் பணம் நிற்கும். உயிருக்கு ஆபத்தான குறைக்கு 24 மணி நேரம், மற்றதற்கு 30 நாள். இவ்வளவுதான் என் பட்டியல்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன என்று 2020-ல் தெரிந்தது. கீழ் வீட்டில் வவுச்சரில் இருக்கும் பெண் வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகள். கொரோனா வந்து வேலை நேரம் பாதியாகக் குறைந்தது. அவர் அதாரிட்டிக்குத் தெரிவித்தார். அவர் பங்கு குறைந்து, அரசின் பங்கு அதே அளவுக்குக் கூடியது. எனக்கு வந்த மொத்த வாடகையில் ஒரு டாலர் குறையவில்லை. மேல் வீட்டில் குடியிருப்பவர் ரெஸ்டாரன்டில் சமையல் வேலை பார்த்தவர். ரெஸ்டாரன்டை மூடிவிட்டார்கள். நேர்மையான மனிதர், கொடுக்க முடியாமல் மாதக்கணக்கில் தவித்தார். எங்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த உதவி அவருக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். தகுதியுள்ள குடும்பங்களில் நாலில் ஒன்றுக்குத்தான் ஏதாவதொரு வாடகை உதவி கிடைக்கிறது. ஃபுட் ஸ்டாம்ப் மாதிரி தகுதியிருந்தால் கிடைத்துவிடும் திட்டம் இல்லை இது. காங்கிரஸ் எவ்வளவு ஒதுக்குகிறதோ அவ்வளவு பேருக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து வருடம் மூடிக் கிடந்த காத்திருப்புப் பட்டியலை 2022 அக்டோபரில் திறந்தார்கள். பட்டியலில் 30,000 இடம், விண்ணப்பித்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். குலுக்கல் போட்டார்கள். குலுக்கலில் ஜெயித்தால் கிடைப்பதும் வவுச்சர் இல்லை, வரிசையில் ஓர் இடம்.

அப்படி வாங்கிய வவுச்சருக்கும் கெடு உண்டு. குறைந்தது 60 நாள் கொடுப்பார்கள், சில இடங்களில் நீட்டிப்பார்கள். அதற்குள் வீடு பிடிக்க வேண்டும். பத்துக் குடும்பங்களில் ஏறத்தாழ நாலு குடும்பம் பிடிக்க முடியாமல் வவுச்சரை இழக்கிறது. அர்பன் இன்ஸ்டிட்யூட் 2018-ல் ஐந்து நகரங்களில் வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தது. வவுச்சர் என்றதும் முடியாது என்றவர்கள் ஃபோர்ட் வொர்த்தில் நூற்றுக்கு 78, லாஸ் ஏஞ்சலிஸில் 76, ஃபிலடெல்ஃபியாவில் 67. நம் நியூவார்க்கில் 31. வாஷிங்டனில் 15. நியூவார்க்கிலும் வாஷிங்டனிலும் வவுச்சரைக் காரணம் காட்டி மறுப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் ஃபிலடெல்ஃபியாவிலும் அப்படிச் சட்டம் இருந்தது, அதனால் சட்டம் எழுதிவிட்டால் போதும் என்றும் சொல்ல முடியாது.

நியூ ஜெர்சிச் சட்டம் பலருக்குத் தெரியாமல் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் நியூயார்க் என்ற ஊரில் ஏற்கெனவே குடியிருந்த ஒருவருக்கு வவுச்சர் கிடைத்தபோது, கட்டட உரிமையாளர் அதை வாங்க மறுத்தார். அந்த ஃபிராங்க்ளின் டவர் ஒன் வழக்கில், 1999-ல், மறுக்க முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2002-ல் பாகுபாடு தடுப்புச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே "நோ செக்ஷன் எயிட்" என்று விளம்பரத்தில் போடுவதே சட்டத்துக்குப் புறம்பு. நாமே ஒரு பாதியில் குடியிருக்கும் இரட்டை வீட்டுக்கு விலக்கு உண்டு. வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் வேண்டும் என்று சொல்லித் தட்டிக் கழிப்பதும் இங்கே செல்லாது, வருமானத்தை டெனன்ட் கட்டும் பங்கோடு மட்டும்தான் ஒப்பிடலாம். டெக்சாஸில் கதை தலைகீழ். ஆஸ்டின் நகரம் 2014-ல் இப்படி ஒரு விதி கொண்டுவந்தது. மறு வருடமே, நகரங்கள் அப்படி விதி போடக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டுவிட்டது. டாலஸ், ஹூஸ்டனில் வீடு வைத்திருக்கும் தமிழர்களுக்கு மறுக்கப் பெரும்பாலும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையில் வீடு தேடியவர்களுக்கு இது புரியாமல் போகாது. கேட் முன்னால் நின்று, என்ன ஆளுங்க, அசைவம் உண்டா, கல்யாணம் ஆச்சா என்று கேட்டுவிட்டு, இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்தார் என்று கதவைச் சாத்தியவர்களை நாம் மறந்திருக்க மாட்டோம். இங்கே வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று அபார்ட்மென்ட் ஆபீஸ்களில் திருப்பி அனுப்பியதும் பலருக்கு நடந்திருக்கும். அதையெல்லாம் தாண்டி வீட்டுக்காரர் ஆன நாம், பெயரும் ஊரும் கேட்குமுன்பே ஒருவரை வேண்டாம் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

"வீட்டை நாசம் பண்ணிடுவாங்க" என்ற பேச்சுக்கு வருகிறேன். எந்த டெனன்ட்டையும் பார்ப்பது போலத்தான் பார்க்க வேண்டும். அதாரிட்டி பார்ப்பது வருமானத் தகுதி. நல்ல குடித்தனக்காரரா என்று பார்ப்பது நம் பொறுப்பு. கேட்டால் அவர் இப்போது இருக்கும் முகவரியையும், தெரிந்தவரை முந்தைய வீட்டுக்காரர்களின் விவரத்தையும் அதாரிட்டி கொடுத்தாக வேண்டும். இப்போதைய வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவரிடம் பேசுங்கள். காலி செய்தால் போதும் என்று நினைப்பவர் நல்லதையே சொல்லுவார், முந்தையவருக்கு அந்த அவசியம் இல்லை. செக்யூரிட்டி டெபாசிட் நம் மாநிலத்தில் ஒன்றரை மாத வாடகை வரை வாங்கலாம், இவரிடமும் வாங்கலாம். குற்றப் பின்னணியை மட்டும் 2022-லிருந்து எடுத்த எடுப்பிலேயே கேட்கக் கூடாது, வீடு தருகிறேன் என்று நிபந்தனையோடு ஒப்புக்கொண்ட பிறகே பார்க்கலாம். இது எல்லா வாடகைதாரருக்கும் பொது.

லீஸைக் கடுமையாக மீறியதற்காகக் கோர்ட் காலி செய்யச் சொன்னால் அவர் வவுச்சரையே இழப்பார். "அப்ப நமக்கு நல்லதுதானே அக்கா, பயந்து ஒழுங்கா இருப்பாங்க" என்றார் ஒரு தம்பி. எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய ஒன்று நம் ஒரு நோட்டீஸில் போய்விடலாம். அவ்வளவு பலம் நம் கையில் இருக்கும்போது நாம்தான் நிதானமாக இருக்க வேண்டும். அவர் பங்கு மூன்று நாள் தாமதமானால் வக்கீலுக்கு முன்னால் அவருக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் சம்பள நாள் மாறியிருக்கும்.

வீடு எந்த ஊரில் என்பது ஏன் முக்கியம் என்றும் யோசிக்க வேண்டும். 1994-லிருந்து 1998 வரை பாஸ்டன், பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஐந்திலும் அரசுக் குடியிருப்புகளில் இருந்த 4,600 குடும்பங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு, ஏழ்மை குறைந்த பகுதிக்குப் போனால்தான் செல்லும் என்ற வவுச்சர். முதலில் ஆராய்ந்தவர்கள் பெற்றோரின் வருமானம் பெரிதாகக் கூடவில்லை என்றார்கள். 2015-ல் ராஜ் செட்டி, நதானியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போனவர்களும் அதிகம். பெரிய வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ராஜ் செட்டி தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர் என்று தெரிந்தபோது எனக்குத் தனிச் சந்தோஷம்.

நாம் வீடு வாங்கும்போது முதலில் பார்ப்பது ஸ்கூல் ரேட்டிங்தானே? பிள்ளை எந்தத் தெருவில் வளர்கிறது என்பது முக்கியம் என்று நமக்கு ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். வவுச்சரோடு வரும் தாயும் அதைத்தான் தேடுகிறார். பல பகுதிகளில் இப்போது ஜிப் கோடு வாரியாக வரம்பு வைப்பதால், நல்ல பள்ளி இருக்கும் விலை கூடிய ஊர்களிலும் வாடகை கட்டுப்படியாகிறது. அதனால் மலிவான ஊரில் வாங்கிய வீட்டுக்கு மட்டும்தான் வவுச்சர் என்று பிரித்து வைக்காதீர்கள். நம் குடியிருப்புப் பகுதியில் விடும் டவுன்ஹவுஸுக்கும் பேசுங்கள்.

கீழ் வீட்டுப் பெண் இப்போது இரவு வகுப்பில் நர்சிங் படிக்கிறார். சம்பளம் ஏறினால் அவர் பங்கு ஏறும், அரசின் பங்கு இறங்கும், ஒரு நாள் பூஜ்யமாகும். அப்படிப் பூஜ்யமாகி 180 நாள் போனால் அதாரிட்டியோடு உள்ள ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும், அதோடு கட்டிய லீஸும் முடியும். விதியைப் படித்துவிட்டு வந்து, அப்போது வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்குமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், நாம் இரண்டு பேரும் புதுசாக ஒரு லீஸ் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் விட்டுத்தரும் உதவி வரிசையில் நிற்கும் அடுத்த குடும்பத்துக்குப் போகும். அந்தக் குடும்பமும் ஒரு வீட்டுக்காரருக்குப் போன் செய்யும்.